மலை ரயில் மாடல்: அளவைத் தேர்ந்தெடுக்கும் முன் சரிவைத் தேர்ந்தெடுங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலை ரயில் பாதை சுமார் 46 கிலோமீட்டர். 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,203 மீட்டரில் போய் நிற்கிறது. மாடல் ரயில்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் 1:87 அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) இதை அப்படியே சுருக்கினால், அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமும் 21 மீட்டருக்கு மேல் உயரமும் வேண்டும். ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம் அது. ஆகவே யார் செய்தாலும் பெரும்பகுதியை விட்டுவிட்டுத்தான் செய்ய முடியும். எதை விடலாம், எதை விடவே கூடாது என்பதுதான் கேள்வி.

குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நாங்கள் சில பேர் சேர்ந்து இந்த வேலையில் இறங்கியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒரு துண்டைச் செய்ய வேண்டும். பள்ளி ஆண்டு விழாவோ கோடை விழாவோ வந்தால் எல்லாவற்றையும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் இணைத்து ரயில் ஓட்ட வேண்டும். இதைத்தான் மாட்யூல் முறை என்பார்கள். மலைப் பகுதி வீடுகளில் ஓர் அறையை முழுதாக ரயிலுக்கு ஒதுக்குவது நடக்காத காரியம். கட்டிலுக்கு அடியில் நுழையும் துண்டு, ஆம்னி வேனில் ஏறும் துண்டு என்றால்தான் வீட்டில் சம்மதம் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் அது குலுங்கிக்கொண்டு போக வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே யோசனையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, எந்த அளவு, என்ன விலை என்பது. அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வேன். நம் மலை ரயிலை நம் நாட்டின் மற்ற ரயில்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் ஏற்றம். ஏற்றத்தை எப்படிக் காட்டப்போகிறோம் என்று முடிவானால், அளவும் முறையும் தாமாகவே பாதி முடிவாகிவிடும்.

விடக் கூடாதவை

கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12-க்கு 1 வரை போகிறது. பன்னிரண்டு மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே. சாதாரணச் சக்கரத்தின் பிடிமானம் இதற்குப் போதாது. அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை இது. ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த சட்டத்தின் இடைவெளி வரும்படி மாற்றி மாற்றி வைத்திருப்பதால், எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ரயில்வேக்காரர்கள் பேச்சில் இது வெறும் ‘ரேக்’.

இந்த ரேக் பகுதியில் எஞ்சின் எப்போதும் வண்டியின் கீழ்முனையில்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். குன்னூர் எஞ்சின் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். வரைபடத்தைக் காட்டியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “எஞ்சினை மேல மாட்டினீங்கன்னா அது வேற ஏதோ ரயில், தம்பி. நம்ம வண்டியில அது கீழதான் நிக்கும். கொக்கி அறுந்தாலும் பெட்டி எஞ்சின் மேலதான் வந்து சாயணும்.” எங்கள் ஒப்பீடு முழுவதற்கும் அந்த ஒரு வாக்கியம்தான் அளவுகோல்.

இன்னொன்றும் உண்டு. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலையில் உருவாகி, பிறகு நம் பொன்மலைப் பணிமனையிலும் செய்யப்பட்ட எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சினைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின்மேல் ஒன்று. கீழ் சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகிறது, மேல் சிலிண்டர் பல்சக்கரத்தை. மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டுக் கல்லாறு வரை, சிலிண்டரையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பிகளில் கீழே உள்ளவை மட்டும் ஆடும். மேலே உள்ளவை அசையாமல் கிடக்கும். கல்லாறு தாண்டி ரேக்கில் ஏறியதும், கீழே வேலை முடித்த நீராவி மேலே போய் இரண்டாம் முறை வேலை செய்கிறது. மேல் கம்பிகளும் கீழ் கம்பிகளைவிட வேகமாக ஆடத் தொடங்கும். ரயிலின் சத்தமே அங்கே மாறிவிடும். இந்த மாற்றம் நடக்கும் இடத்தை மாடலில் காட்ட முடிந்தால், வேறு எதைக் குறைத்தாலும் எனக்குக் குறையில்லை.

எந்தப் பகுதி?

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. நான்காவதாக, கொடைக்கானல் நண்பர் ஒருவர் பழனி மலைக்கு ஒரு கற்பனைப் பாதை போடலாம் என்றார். கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது. சமவெளியில் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியதுதான். கற்பனைப் பாதையில் இஷ்டம்போல் வளைக்கலாம் என்பது உண்மை. ஆனால் தவறா சரியா என்று ஒத்துப் பார்க்க ஒரு நிஜம் இல்லாமல் போகும். பல பேர் தனித்தனி ஊரில் இருந்து செய்யும் வேலைக்கு அந்த நிஜம் மிகவும் தேவை. புகைப்படத்தைக் காட்டி, “இந்தப் பாலம் இப்படித்தான் இருக்கு” என்றால் வாக்குவாதம் முடிந்துவிடும். அதனால் அதை உடனே விட்டுவிட்டோம்.

கேத்தி–லவ்டேல் பகுதிதான் செய்வதற்கு எளிது. குன்னூருக்கு மேலே ரேக் இல்லை. ஏற்றம் அதிகபட்சம் 23-க்கு 1. ஒய்டிஎம்4 டீசல் எஞ்சின் போதும். கேரட், முட்டைக்கோஸ் பாத்திகள் படிப்படியாக இறங்கும் கேத்திப் பள்ளத்தாக்கு, வரிசை வீடுகளோடு படகர்களின் ஊரான ஹட்டி, தைல மரங்கள் என்று காட்சிக்குப் பஞ்சமில்லை. முதல்முறை மாடல் செய்யும் ஒருவர் தனியாக இறங்குகிறார் என்றால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். 120 செ.மீ. நீளமுள்ள மாட்யூலில் ஐந்து செ.மீ.க்குச் சற்று மேல் ஏறினால் போதும். எந்த நல்ல மாடல் எஞ்சினும் இரண்டு மூன்று பெட்டிகளோடு ஏறிவிடும்.

குன்னூர் நிலையம் விளையாட்டுக்கு ஏற்றது. 1899-இல் பாதை திறந்தபோது அதுதான் கடைசி நிலையம். ஊட்டி வரை நீண்டது 1908-இல். முன்பு முடிந்த நிலையம் என்பதால், ஊட்டிக்குப் போகும் வண்டி கொஞ்ச தூரம் பின்னோக்கி வந்துதான் மேல் பாதையைப் பிடிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த நீராவி எஞ்சின் இங்கே கழன்று ஷெட்டுக்குப் போகிறது. டீசல் வந்து மாட்டிக்கொள்கிறது. பாயிண்ட்ஸ் (வண்டியைத் தடம் மாற்றிவிடும் தண்டவாளம்) மாற்றி, எஞ்சின் கழற்றி மாட்டி, ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் அலுக்காது. ஆனால் நிலையத்தை மட்டும் செய்தால் தட்டையான ஒரு மேசைதான் மிஞ்சும். பார்க்கிற குழந்தைக்கு மலை தெரியாது.

கல்லாறு–ஹில்குரோவ் பகுதியில்தான் மலை இருக்கிறது. கல்லாற்றின் பாக்குத் தோப்பு, அதைத் தாண்டியதும் பாறையைக் குடைந்த சுரங்கங்கள், பள்ளத்தின்மேல் நிற்கும் பாலங்கள், அடர்லி நிலையம், எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் ஹில்குரோவ் நிலையம், குரங்குகள். செய்வதற்குக் கடினமானதும் இதுதான்.

நான் சொல்லும் வழி: கல்லாறு ஒரு முனை, குன்னூர் மறு முனை, நடுவே ரேக் மாட்யூல்கள். கேத்தியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். குன்னூரின் மறுபக்கம் அதற்குக் காத்திருக்கும். நடுவில் இருக்கும் காட்டேரி ரோடு, ரன்னிமேடு எல்லாம் விட்டுப்போகிறதே என்று வருத்தப்படுவார்கள். யாராவது ஒருவர் பின்னால் அதைச் செய்துகொண்டு வந்தால் இடையில் செருகிவிடலாம். மாட்யூல் முறையின் சௌகரியமே அதுதான்.

எந்த அளவு?

நம் பாதை மீட்டர் கேஜ்: தண்டவாள இடைவெளி 1,000 மி.மீ. உலகச் சந்தையில் விற்கும் மாடல்களில் பெரும்பாலானவை 1,435 மி.மீ. பாதையைச் சுருக்கியவை. இங்கேதான் பல பேர் சறுக்குகிறார்கள்.

1:160 அளவில் நம் பாதை 6.25 மி.மீ. அகலம் வர வேண்டும். ஆனால் அந்த அளவுக்குக் கடையில் விற்பது 9 மி.மீ. தண்டவாளம். அதைப் போட்டால் ரயில் கால் அகட்டி நிற்பதுபோல் இருக்கும். அதைவிடச் சிறிய 1:220 அளவுக்கான 6.5 மி.மீ. தண்டவாளத்தைப் போட்டால் பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் அதற்குள் பல்சக்கரத்தோடு எஞ்சின் செய்வது கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கை இருந்தால்தான் முடியும். ஜெர்மனியின் ஃபிளைஷ்மேன் நிறுவனம் 9 மி.மீ. தடத்துக்கே பல் சட்டமும் அதில் ஏறும் எஞ்சினும் செய்திருக்கிறது. அகலம் தவறு என்பதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், மிகக் குறைந்த இடத்தில் உண்மையாகவே பல்லைப் பிடித்து ஏறும் ரயில் இதில் கிடைக்கும். 120 செ.மீ.க்குள் நிஜத்தின் 192 மீட்டர் அடங்கும் என்பதால், மலையின் பிரம்மாண்டத்துக்கு இந்த அளவுதான் சிறந்தது. எஞ்சின் சிறியது, மலை பெரியது.

மறுகோடியில் 1:22.5. இதில் 45 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்ட மீட்டர் கேஜேதான். எல்ஜிபி நிறுவனத்தின் பல் சட்டமும் எஞ்சினும் உறுதியானவை. தோட்டத்தில் மழையிலும் ஓடும். குன்னூரில் சரிவான கொல்லைப்புறம் இருப்பவர்கள் இதை நினைத்து ஏங்காமல் இருக்க முடியாது. ஆனால் 120 செ.மீ.யில் நிஜத்தின் 27 மீட்டர்தான் வரும். 100 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்று இந்த அளவில் 4.4 மீட்டர் ஆரம். இதை மாட்யூலாக்கி வேனில் ஏற்றுவதை மறந்துவிட வேண்டும். ஒரே வீட்டில் நிலையாக இருக்கட்டும் என்றால் மட்டும் பாருங்கள்.

1:64 என்று ஒன்று உண்டு. நம் பாதை அதில் 15.6 மி.மீ. வரும், எங்கும் மலிவாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தையும் அதற்கான எஞ்சின் அடிச்சட்டங்களையும் அப்படியே பயன்படுத்தலாம். உடலை மட்டும் த்ரீடி பிரிண்ட் செய்து மேலே கவிழ்க்க வேண்டும். பட்ஜெட் முக்கியம், கையால் செய்யும் ஆர்வம் நிறைய என்றால் இது நல்ல வழி. குறை என்னவென்றால், மனிதர், வீடு போன்றவற்றைப் பெரும்பாலும் நாமே செய்ய வேண்டும். இந்த அளவில் நம் ஊருக்குப் பொருந்தும் சின்னப் பொருட்கள் அதிகம் கிடைப்பதில்லை.

1:87-இல் 11.5 மி.மீ. வர வேண்டும், 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சுவிஸ் மலைப் பாதைகளுக்கென்று ஜெர்மனியின் பெமோ நிறுவனம் செய்யும் 12 மி.மீ. தண்டவாளம், பல் சட்டம், எஞ்சின் எல்லாம் இந்த அளவுதான். சுவிஸ் ஃபூர்கா பாதையும் மீட்டர் கேஜ், அதுவும் ஆப்ட் ரேக். அதில் ஓடும் ஹெச்ஜி 3/4 நீராவி எஞ்சினும் வின்டர்தூரில் உருவானதே. நம் எக்ஸ் வகுப்புக்கு நான்கு ஜோடி ஓட்டுசக்கரம், அதற்கு மூன்று. அதனால் அப்படியே நம்முடையதாக ஆகாது. ஆனால் பல்சக்கரத்தோடு கூடிய அடிச்சட்டம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால், பாதி மலை ஏறியாகிவிட்டது. விலை அதிகம், இறக்குமதி வரியும் சேரும். குழுவாக ஒரே ஒரு எஞ்சினை வாங்கிப் பகிர்ந்துகொள்வதுதான் இதற்கு வழி. ரேக் பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதானே ஓடப்போகிறது.

எங்கள் தேர்வு 1:87, 12 மி.மீ. தனியாளாக, ஓர் அலமாரித் தட்டில் செய்யப்போகிறவருக்கு 1:160.

தட்டையா, சரிவா?

உலகில் பழகிப்போன மாட்யூல் விதிகள் பெரும்பாலும் சமவெளிக்காரர்கள் எழுதியவை. ஜப்பானிலிருந்து பரவிய டி-டிராக் முறையில் ஒரு துண்டு சுமார் 31 செ.மீ. நீளம்தான், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் எல்லாம் மேசைமேல் ஒரே மட்டம். அமெரிக்காவின் என்டிராக்கிலும் அப்படியே. ஃப்ரீமோ முறையில் தண்டவாளம் தரையிலிருந்து 50 அங்குலத்தில் தொடங்கி 62 வரை ஏறலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் முதன்மைப் பாதையின் சரிவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் 12-க்கு 1 சரிவு 8.33 சதவீதம். ஆகவே எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு வழி, தண்டவாளத்தைத் தட்டையாகவே போட்டு, சுற்றியுள்ள நிலத்தைச் சாய்த்துக் கண்ணை ஏமாற்றுவது. ஓடையை எதிர்ப்புறம் சரிய விடலாம், தேயிலை வரிசைகளைக் குறுக்கே சாய்க்கலாம். புகைப்படத்தில் நன்றாகவே இருக்கும். இணைப்பது சுலபம், எந்த மாட்யூலையும் எங்கும் வைக்கலாம், எந்த எஞ்சினும் ஓடும். இதைச் செய்பவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எஞ்சினின் உழைப்பு அதில் இருக்காது. ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் ஒன்றாகவே தெரியும். அந்த ஷெட் பெரியவர் கேட்ட ரயில் அது அல்ல.

இரண்டாவது வழி, ஒவ்வொரு மாட்யூலும் நிஜமாகவே 12-க்கு 1 ஏறுவது. இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. மாட்யூல் நீளம் 120 செ.மீ. என்றால் ஏற்றம் சரியாக 10 செ.மீ. எல்லா ரேக் மாட்யூலும் இந்த 10 செ.மீ.யைக் கடைப்பிடித்தால், அவற்றின் வரிசையை மாற்றினாலும் பாதை பொருந்தும். அடர்லி முதலில் வரலாம், ஹில்குரோவ் வராமலே போகலாம். இதற்கு ஒரே நிபந்தனை: கால்கள் மாட்யூலுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது, இடத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். முதல் இடத்துக்கு ஒரு ஜோடி, அடுத்த இடத்துக்கு அதைவிட 10 செ.மீ. உயரமான ஜோடி, இப்படியே. கால்களுக்கு நிறம் அடித்துவிட்டால், உதவிக்கு வரும் பிள்ளைகளே நிறுத்திவிடுவார்கள். இரண்டு மாட்யூல் சேரும் இடத்தில் ஒரே ஜோடிக் காலை இருவரும் பகிர்ந்துகொள்வதால் சுமையும் குறையும்.

சமதளத்திலிருந்து சரிவுக்கு எஞ்சினை திடீரென்று திருப்ப முடியாது. பல்சக்கரம் மேலே தூக்கிக்கொள்ளும், அல்லது பெட்டியின் கொக்கி நழுவும். அதனால் கல்லாறு மாட்யூலில் முதல் 30 செ.மீ. மட்டமாகவும், அடுத்த 60 செ.மீ. மெல்ல வளைந்தும், கடைசி 30 செ.மீ. முழுச் சரிவிலும் இருக்க வேண்டும். மொத்த ஏற்றம் 5 செ.மீ. குன்னூர் பக்கத்து மாட்யூலில் இதுவே தலைகீழ்: சரிவிலிருந்து மட்டத்துக்கு, அதுவும் 5 செ.மீ. ஒரே பக்கப் பலகை அச்சை வெட்டி, 180 பாகை திருப்பிப் பிடித்தால் மற்றதற்கும் ஆகிவிடும். கல்லாறு தரையிலிருந்து 75 செ.மீ.யில் தொடங்கினால், நடுவே நான்கு ரேக் மாட்யூல் வைக்கும்போது குன்னூர் 125 செ.மீ.யில் வரும். சிறு பிள்ளைக்குக் கல்லாறு கண் எதிரே, அப்பாவுக்குக் குன்னூர் மார்பளவில். ஆறாவது, ஏழாவது ரேக் மாட்யூல் சேர்ந்தால் கை எட்டாது. அதனால் நான்கு அல்லது ஐந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நிஜத்தில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை ரயில் ஏறும் சுமார் 1,300 மீட்டரில் நாம் காட்டுவது 1:87 கணக்கில் 43 மீட்டர்தான். ஆனால் அந்த 43 மீட்டரும் நிஜமான ஏற்றம்.

இந்த முறைக்கு விலை உண்டு. தரை மட்டமில்லாத மண்டபத்தில் ஒவ்வொரு காலிலும் திருகு வைத்து ஏற்றி இறக்க வேண்டும். சரிவின் வழியே அளந்தால் தண்டவாளம் 120 செ.மீ. அல்ல, 120.4. இந்த 4 மி.மீ.யை யாராவது மறந்தால், மாட்யூல் சேரும் இடத்தில் பல் பொருந்தாது. பல் சட்டத்தை இரண்டு பல்லுக்கு நடுவே, பள்ளத்தில் வெட்ட வேண்டும். எல்லா மாட்யூலும் முனையில் ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். இதற்கு ஒரு மாதிரிப் பலகையைச் செய்து குழு முழுவதும் சுற்றுக்கு விடுவதுதான் நம்பகமான வழி. வளைவு உள்ள மாட்யூலிலும் இரு முனையிலும் 10 செ.மீ.யாவது நேராக இருக்கட்டும்.

முனைப் பலகைகளை போல்ட் மட்டும் போட்டு இணைத்தால் அரை மி.மீ. நகரும். சமவெளி மாடலில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ரேக்கில் முடியாது. கோவை வார்ப்பட ஆலைகளுக்கு மர அச்சு செய்யும் பட்டறைகளில் அச்சின் இரண்டு பாதியையும் துல்லியமாகச் சேர்க்கப் பித்தளை டோவல் வைப்பார்கள், ஒன்று முளை, ஒன்று குழி. மாட்யூல் முனையிலும் அதே இரண்டைப் பதித்துவிட்டால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே இடத்தில் வந்து உட்காரும். இதில் காசைப் பார்க்க வேண்டாம்.

ஓடும் பல்லா, காட்சிக்குப் பல்லா?

சரிவு நிஜம் என்று முடிவான பிறகும், ரேக் வேலை செய்ய வேண்டுமா என்பது தனிக் கேள்வி. சக்கரத்தில் ரப்பர் வளையம் போட்ட கனமான எஞ்சின், லேசான மூன்று பெட்டிகளை 8.33 சதவீதத்தில் தள்ளிவிடும் சாத்தியம் உண்டு. நடுவில் அலங்காரத்துக்கு மட்டும் பல் சட்டத்தைப் பதிக்கலாம். மாட்யூல் இணைப்பில் துல்லியம் தேவையில்லை என்பது இதன் பெரிய லாபம். ஆனால் ரப்பர் தேயும். மலை ஈரத்தில் தண்டவாளத்தில் படியும் மெல்லிய அழுக்கே போதும், சக்கரம் சுழன்றுகொண்டு நிற்கும். இறங்கும்போதும் வண்டி வழுக்கும்.

பல் வேலை செய்தால் வேறு மாதிரி. எஞ்சின் மெதுவாக, ஒரே சீராக ஏறும்; நடுவில் மின்சாரம் போனாலும் அங்கேயே நிற்கும். நிஜத்தில் ரேக் பகுதியில் வண்டி மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. 1:87-இல் அது நொடிக்கு 4 செ.மீ. இந்த மெதுவான வேகத்தை ரப்பர் சக்கரம் சரிவில் காப்பாற்றுவது கடினம். பல்சக்கரத்துக்கு அது இயல்பு. பெட்டிகள் பின்னாலிருந்து தள்ளப்படுவதால், வளைவில் லேசான பெட்டி வெளியே குதிக்கப் பார்க்கும்; ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஈயத் துண்டு ஒட்டிக் கனமாக்க வேண்டும். இதற்கும் பல்லின் பலம் கைகொடுக்கும்.

ஓடும் பல்தான் என் தேர்வு. அதற்கு மனம் இல்லாதவர்கள், குறைந்தபட்சம் கல்லாறு மாட்யூலில் மட்டுமாவது பல் வேலை செய்யும்படி வைத்துப் பாருங்கள். நிஜத்தில் ரேக் தொடங்கும் இடத்தில் சட்டத்தின் முதல் துண்டு ஸ்பிரிங்மேல் உட்கார்ந்திருக்கும். பல்சக்கரம் பல்லின் தலையில் ஏறினால் அது அமுங்கிக் கொடுத்து, அடுத்த கணம் பல் இடைவெளியில் விழ இடம் விடும். மாடலிலும் அந்த முதல் 5 செ.மீ. துண்டை மெல்லிய பித்தளைத் தகட்டின்மேல் மிதக்க விட வேண்டும். எஞ்சின் அங்கே வந்ததும் ஒரு நொடி தயங்கி, ‘டக்’ என்று பிடித்து, மேலே ஏறும்.

மின்சார விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். ரேக்கில் ஒரே வண்டி என்பதால் சாதாரண டிசி (நேர்மின்னோட்டம்) போதும். குன்னூரில் நீராவியும் டீசலும் ஒன்றாக நிற்கும் என்பதால் அங்கே தனித்தனி சுவிட்ச் வைத்துத் துண்டு பிரித்துக்கொள்ளலாம், அல்லது ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறையான டிசிசிக்குப் போகலாம். ஒயரை மட்டும் முதலிலேயே தடிமனாகப் போட்டுவிடுங்கள்.

மலையில் மரம், மண், ஈரம்

இங்கே மழைக்காலத்தில் அலமாரியில் இருக்கும் செருப்பே பூசணம் பூக்கும். சாதா பிளைவுட் ஒரு பருவத்துக்குள் முறுக்கிக்கொள்ளும், முறுக்கினால் டோவலும் பயன் தராது. மரைன் பிளைவுட் 12 மி.மீ. எடுத்து, வெட்டிய விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கமும் பிரைமர் அடிக்க வேண்டும். தண்டவாளத்தில் பித்தளையைத் தவிர்த்து நிக்கல் சில்வர் வாங்குங்கள். பித்தளை இந்த ஈரத்தில் சீக்கிரம் கறுத்து மின்சாரத்தைத் தடுக்கும். பாறைக்கு, கசக்கிய அலுமினியத் தாளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி எடுப்பது நன்றாக வரும். சமவெளியில் காயும் நேரத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

மரம், செடிகளுக்கு வெளிநாட்டுப் பொட்டலம் எதுவும் வேண்டாம். கல்லாற்றின் பாக்கு மரத் தண்டு நிஜத்தில் 15 செ.மீ. தடிமன் என்று வைத்தால், 1:87-இல் 1.7 மி.மீ. தென்னை ஈர்க்குச்சியின் நடுப்பகுதி கிட்டத்தட்ட அதே தடிமன். மேலே லேசாக மெலிந்தும் இருக்கும். 15 மீட்டர் மரத்துக்கு 17 செ.மீ. வெட்டினால் போதும். கடையில் விற்கும் மாடல் மரங்கள் பெரும்பாலும் இதில் பாதி உயரம்கூட இல்லை. தோப்பைக் குட்டையாக வைத்தால் பக்கத்தில் நிற்கும் எஞ்சின் ராட்சதனாகத் தெரியும், மலை சுருங்கிவிடும். தேயிலைக்குக் காய்ந்த பீர்க்கங்கூட்டை மெல்லிய பட்டையாக வெட்டிப் பச்சைச் சாயத்தில் தோய்த்து, 9 மி.மீ. உயரத்தில் மேற்பரப்பைச் சமமாக நறுக்கினால் கவாத்து செய்த செடிபோலவே இருக்கும். பறிப்பவர் நடக்கும் சந்து விட மறக்காதீர்கள். சில்வர் ஓக் நடுவில் அங்கங்கே.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை. முனைப் பலகையின் அளவு, டோவல் இடம், பல் வெட்டும் இடம் மூன்றும் முடிவாகி மாதிரிப் பலகை கைக்கு வந்த பிறகு, முதலில் கல்லாறு மாட்யூலையும் ஒரு வெறும் ரேக் மாட்யூலையும் செய்யுங்கள். செடி, பாறை, வண்ணம் எதுவும் இல்லாமல் வெறும் பலகையில் எஞ்சின் கீழே, பெட்டிகள் மேலே வைத்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரண்டின் இணைப்பையும் பலமுறை கழற்றி மாட்டி, ஒவ்வொரு முறையும் பெட்டி தடம் புரளாமல் போனால், மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்த மாதிரிப் பலகையை அனுப்பலாம். அதற்கு முன் யாரும் ஒரு தேயிலைச் செடிகூட நட வேண்டாம்.